புகையைப் பிடித்து வைத்த கதை: டர்போ டீசல் பிக்கப்பும் எக்ஸாஸ்ட் லீக்கும்

டர்போ டீசல் பிக்கப் ஒன்று பின்னால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேடு ஏறுகிறது. டர்போவின் வழக்கமான விசில் சத்தத்துக்கு நடுவே "உஸ்ஸ்..." என்று ஒரு சீறல். இதைக் கேட்டால் அமெரிக்க மெக்கானிக்குகள் பானெட்டைத் திறந்து முதலில் பார்ப்பது ஃபயர்வாலைத்தான். கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபயர்வால் இல்லை :-) எஞ்சின் இருக்கும் இடத்துக்கும் டிரைவர் உட்காரும் கேபினுக்கும் நடுவே நிற்கும் தகடு. அதில் கறுப்பாகக் கரி படிந்திருந்தால் நோய் தெரிந்துவிட்டது. எஞ்சினுக்கும் டர்போவுக்கும் இடையில் எங்கோ புகை கசிகிறது.

சாதாரண வண்டியில் சைலன்சர் ஓட்டையானால் சத்தம் கூடும், தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். டர்போ வண்டியிலும் டர்போவுக்குப் பின்னால் ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் அதே கதைதான். ஆனால் டர்போவுக்கு முன்னால் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தால் வண்டியின் இழுவை குறைகிறது, டீசல் கூடுதலாகக் குடிக்கிறது, எஞ்சினின் உள்சூடு ஏறுகிறது. வெளியே துப்பும் புகை எப்படி இவ்வளவு விலை உயர்ந்த பொருளாக மாறியது என்பதில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. அதற்கு நூறு வருடங்களுக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

ஒரு எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, சூடாகவும் அழுத்தமாகவும் புகைக்குழாய் வழியாக வெளியே போய்விடுகிறது. இது அந்தக் காலப் பொறியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆல்ஃபிரட் பூஹி என்ற சுவிட்சர்லாந்துக்காரருக்கு மட்டும் அது தூக்கத்தைக் கெடுத்தது போலிருக்கிறது. 1905-ல், 26 வயதில், அவர் ஒரு காப்புரிமை வாங்கினார். வெளியேறும் புகையை ஒரு டர்பைன் சக்கரத்தின் மேல் பாய்ச்ச வேண்டும். அந்தச் சக்கரம் சுழன்று இன்னொரு பக்கத்தில் காற்றை அமுக்கும் கம்ப்ரஸரைச் சுழற்ற வேண்டும். அமுக்கிய காற்று மறுபடி எஞ்சினுக்குள் போக வேண்டும். காற்று அதிகம் போனால் எரிபொருளும் அதிகம் எரிக்கலாம், அதே அளவு எஞ்சினில் கூடுதல் பலம் கிடைக்கும். இன்றைய டர்போசார்ஜரின் அடிப்படை இதுதான்.

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். "வேஸ்ட்" என்று ஒதுக்கினால் அதற்கு மதிப்பு பூஜ்யம், எங்கே சிந்தினாலும் கவலையில்லை. அதையே "பை-புராடக்ட்" என்று கணக்கில் ஏற்றிவிட்டால் பிறகு ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். பூஹி செய்தது புகையை ஒரு பத்தியிலிருந்து இன்னொரு பத்திக்கு மாற்றியது. எக்ஸாஸ்ட் லீக் என்பது நஷ்டக் கணக்கில் ஏறியது அன்றைக்குத்தான்.

காப்புரிமை வாங்கியவுடன் உலகம் மாறிவிடவில்லை. 1915-ல் அவர் செய்து பார்த்த மாதிரி எஞ்சின் சரிவரவில்லை. கொதிக்கும் புகையில் நின்று தாக்குப்பிடிக்கும் உலோகங்கள் அப்போது இல்லை, கம்ப்ரஸர்களும் சுமார்தான். 1920-களின் நடுவில்தான் விஷயம் கைகூடியது. 'பிராய்சன்', 'ஹன்ஸெஷ்டாட் டான்ஸிக்' என்ற இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்களுக்கு டர்போ பொருத்தினார்கள். 1,750 குதிரைசக்தி கொடுத்த எஞ்சின் 2,500 கொடுத்தது. எஞ்சினின் அளவைக் கூட்டாமலே நாற்பது சதவீதத்துக்கு மேல் லாபம்.

பூஹி 1925-ல் இன்னொரு காப்புரிமையும் வாங்கினார். பிக்கப் வண்டிக் கதைக்கு இதுதான் முக்கியம். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது புகை சீராக ஒழுகுவதில்லை, ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் "டப்... டப்..." என்று அடித்து வெளியே வருகிறது. எல்லா சிலிண்டர்களின் புகையையும் ஒரே பெரிய குழாயில் கலந்தால் ஒன்றின் அடி இன்னொன்றின் மேல் மோதி வீணாகிறது. அதனால் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் தராத சிலிண்டர்களாகப் பார்த்துச் சேர்த்து, தனித்தனியான ஒடுக்கமான குழாய்களில் டர்பைன் வரை கொண்டுபோக வேண்டும் என்றார். அதாவது எஞ்சினுக்கும் டர்போவுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்னக் குழாய் வெறும் குழாய் அல்ல. அதன் நீளம், அகலம், இறுக்கம் எல்லாவற்றுக்கும் விலை உண்டு.

இதே நேரத்தில் அமெரிக்காவில் வேறொரு திசையிலிருந்து இந்த யோசனை வளர்ந்தது. மலை உச்சியில், வானத்தில் காற்று மெலிதாக இருப்பதால் விமான எஞ்சின்கள் மூச்சு வாங்கின. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ் 1918-ல் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, கொலராடோவில் 14,000 அடிக்கு மேல் இருக்கும் பைக்ஸ் பீக் உச்சிக்கே கொண்டுபோனார். கடல் மட்டத்தில் 350 குதிரைசக்தி தந்த எஞ்சின் அங்கே 230-க்கு இறங்கியது. டர்போவை மாட்டியதும் 356. மலை மேல் இருந்துகொண்டே கடற்கரையில் இருப்பதைவிட அதிகம்! இன்றைக்கும் அதே ராக்கி மலைச் சாலைகளில் டிரெய்லர் இழுக்கும் பிக்கப்காரர்கள் டர்போ இல்லாத வண்டியை ஏன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பதற்கு இந்த மூன்று எண்கள் போதும்.

லாரிகளுக்கு டர்போ வந்தது 1938-ல், சுவிட்சர்லாந்தின் சாரர் நிறுவனம் வழியாக. அதன் பிறகு கொஞ்ச காலம் போர், விமானம் என்று கதை வேறு பக்கம் போய்விடுகிறது. 1952-ல் நடந்த ஒரு வேடிக்கையை மட்டும் சொல்லியாக வேண்டும். அந்த வருட இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்துக்கு கம்மின்ஸ் நிறுவனம் டர்போ டீசல் கார் ஒன்றைக் கொண்டுவந்தது. ஃபிரெட் அகபாஷியன் அதை மணிக்கு 138 மைல் சராசரி வேகத்தில் ஓட்டித் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார். டீசல் கார் பெட்ரோல் கார்களுக்கெல்லாம் முன்னால் நின்று புறப்பட்டது. ஆனால் 71 சுற்றுகளோடு சரி. டர்போ காற்று இழுக்கும் வாயை, ஓடுதளத்தில் சிதறிக் கிடந்த டயர் ரப்பர் துணுக்குகள் அடைத்துவிட்டன. எஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை, மூச்சுப் பாதைதான் காலை வாரியது.

பிக்கப் வண்டிக்கு டீசல் வந்ததற்குக் காரணம் 1973-ன் எண்ணெய் நெருக்கடி. ஜெனரல் மோட்டார்ஸ் 1978-ல் தன் ஓல்ட்ஸ்மொபில் பிரிவின் 5.7 லிட்டர் டீசலைக் கார்களிலும் பிக்கப்பிலும் கொடுத்து, தலைப் போல்ட்டுகள் தாங்காமல் போய், அமெரிக்கர்களுக்கு டீசல் மேலேயே வெறுப்பு வரவைத்தது. 1982-ல் 6.2 லிட்டர் எஞ்சின் கொஞ்சம் பேரை மீட்டது. ஃபோர்டு 1983-ல் இண்டர்நேஷனல் நிறுவனத்தின் 6.9 லிட்டர் வி8 டீசலை வாங்கிப் பொருத்தியது. இவை எதிலும் டர்போ கிடையாது. எக்ஸாஸ்ட் லீக் ஆனால் சத்தம், கொஞ்சம் நாற்றம், அதோடு முடிந்தது. இழுவை போதவில்லை என்று நினைத்தவர்கள் கேல் பேங்க்ஸ் போன்றவர்கள் விற்ற டர்போ செட்டுகளை வாங்கித் தாங்களே மாட்டிக்கொண்டார்கள்.

நிலைமை புரண்டது 1989 மாடல் டாட்ஜ் ராமில். அதில் வைத்தது கம்மின்ஸின் 5.9 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், டர்போ டீசல். 160 குதிரைசக்திதான், ஆனால் 400 பவுண்டு-அடி முறுக்குவிசை. கார் எஞ்சினை டீசலாக மாற்றியதல்ல இது, வயல் இயந்திரங்களிலும் நடுத்தர லாரிகளிலும் உழைத்த எஞ்சின். (இந்தக் குடும்பத்து எஞ்சின்களை ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தயாரித்தது, டாடா லாரிகளில் ஓடின.) போட்டிக்கு ஜெனரல் மோட்டார்ஸ் 1992-ல் 6.5 லிட்டர் டர்போ டீசலையும், ஃபோர்டு 1994-ல் 7.3 லிட்டர் 'பவர் ஸ்ட்ரோக்'கையும் இறக்கின. டர்போ இல்லாத டீசல் பிக்கப் சில வருடங்களில் பழங்கதை ஆனது.

இங்கேதான் சூடு என்ற வில்லன் நுழைகிறான்.

கம்மின்ஸ் எஞ்சினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் சுமார் இரண்டடி நீள வார்ப்பிரும்பு. ஆறு சிலிண்டர்களின் புகையையும் வாங்கி நடுவில் இருக்கும் டர்போவுக்குக் கொடுக்கிறது. முதல் மூன்று ஒரு பாதை, பின் மூன்று இன்னொரு பாதை, நடுவே ஒரு சுவர். 1925-ல் பூஹி சொன்ன அதே பிரிப்பு. எரியும் வரிசை 1-5-3-6-2-4 என்பதால் ஒவ்வொரு பாதையிலும் சீரான இடைவெளியில் ஒவ்வொரு அடியாக வந்து டர்பைனில் விழுகிறது. அழகான ஏற்பாடு.

ஆனால் பாரம் இழுக்கும்போது இந்த மேனிஃபோல்ட் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். அது போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட்டோ தண்ணீர் ஓடுவதால் அதைவிடப் பல மடங்கு குளிர்ச்சி. இரண்டடி வார்ப்பிரும்பு 600 டிகிரி ஏறினால் சுமார் 4 மில்லிமீட்டர் நீள வேண்டும். நீள விடாமல் போல்ட்டுகள் பிடித்துக்கொள்கின்றன. பழுத்த இரும்பு வேறு வழியில்லாமல் தனக்குள்ளேயே கொஞ்சம் அமுங்கிக்கொள்கிறது. அப்புறம் வண்டியை நிறுத்திக் குளிரும்போது, ஏற்கெனவே அமுங்கியதால் முன்பிருந்த நீளத்தைவிடத் தலைமுடி அளவு குறைந்துபோகிறது. அடுத்த நாள் இன்னொரு முடி. சில வருடங்களில் மேனிஃபோல்ட் உண்மையிலேயே சுருங்கிவிடுகிறது. கடைசி முனைகளில் இருக்கும் போல்ட்டுகள் பக்கவாட்டில் இழுபட்டு ஒரு நாள் "டக்" என்று முறிகின்றன. கேஸ்கட் வாய் திறக்கிறது, கரி வெளியே வருகிறது.

உரிமையாளர்கள் போல்ட் மட்டும்தான் போயிற்று என்று நினைத்து மேனிஃபோல்டைக் கழற்றுவார்கள். திரும்ப மாட்டப் போனால் துளைகள் பொருந்தாது! பூட்டியிருந்தபோது இழுபட்டு நின்றது கழற்றியவுடன் தன் சுருங்கிய அளவுக்கு வந்துவிட்டது. துளைகளை ராவிப் பெரிதாக்குவது ஒரு வழி, புது மேனிஃபோல்ட் வாங்குவது இன்னொரு வழி. சந்தைக்கு வந்த மூன்றாவது வழிதான் புத்திசாலித்தனம்: இரண்டு மூன்று துண்டுகளாகச் செய்து, ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இணைப்பு வைத்த மேனிஃபோல்ட். இரும்பு நீளட்டும் சுருங்கட்டும், தடுக்காதே என்ற தத்துவம்.

முறிந்த போல்ட்டின் மிச்சத்தை ஹெட்டிலிருந்து எடுப்பது தனி வித்தை. துரு இறங்க எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைப்பார்கள். மிச்சம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள்ளே வெல்டிங் செய்து ஒட்டிவிடுவார்கள். இதில் நட்டைப் பிடிப்பது பாதி வேலைதான். வெல்டிங்கின் சூடு மரையில் இறுகிய துருவை உடைக்கிறதே, அதுதான் மீதி. கொஞ்சம் ஆற விட்டு, ஸ்பேனரால் முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டிச் சுழற்றினால் வந்துவிடும். முதல் தடவை நட்டு மட்டும் பிய்த்துக்கொண்டு வந்தால் இன்னொன்று ஒட்ட வேண்டும். அவசரப்பட்டு டிரில்லை எடுத்துக் கோணலாகத் துளை போட்டால் ஹெட்டே போய்விடும். பொறுமைக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை இது.

திரும்பப் பூட்டும்போதும் முறை உண்டு. மேனிஃபோல்டின் முகத்தில் நேர்ச்சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும், வளைந்திருந்தால் இழைத்துச் சமமாக்க வேண்டும். வளைந்த முகத்துக்குப் புதுக் கேஸ்கட் போடுவது ஓட்டைப் பானைக்கு மூடி தேடுவது மாதிரி. போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, டார்க் ரெஞ்ச் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வண்டியை ஓட்டிச் சூடேற்றி, முழுதாக ஆறிய பிறகு மறுபடி ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

சைலன்சரில் தடவும் பேஸ்ட் இங்கே ஏன் உதவாது என்று சிலர் கேட்கலாம். பாரம் இழுக்கும்போது டர்போவுக்கு முன்னால் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைப்போல் இரண்டு மூன்று மடங்கு. பேஸ்ட் தாங்காது. தாங்காவிட்டாலும் பரவாயில்லை, காய்ந்து உதிர்ந்த துண்டு உள்பக்கமாகப் போனால் நேரே நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் டர்பைனில்தான் போய் அடிக்கும். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் டர்போவுக்கே உலை!

ஃபோர்டின் 7.3 பவர் ஸ்ட்ரோக்கில் சிக்கல் வேறு ரகம். வி வடிவ எஞ்சின் என்பதால் இடம் ஒரு மேனிஃபோல்ட், வலம் ஒரு மேனிஃபோல்ட். டர்போவோ மேலே, நடுவில், பின்பக்கமாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கப் புகையும் எஞ்சினின் முதுகுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவே இருக்கும் சந்தில் இரண்டு குழாய்களில் மேலேறி ஓரிடத்தில் சேர்ந்து டர்போவுக்குள் போக வேண்டும். 'அப்-பைப்' என்று இவற்றுக்குப் பெயர். எஞ்சின் அதிரும், குழாய் நீளும், டர்போ அசையாமல் நிற்கும். மூன்றும் சந்திக்கும் இணைப்புகளில் இருந்த கேஸ்கட்டுகள் வருடங்கள் ஓட ஓட விட்டுக்கொடுத்தன. ஃபயர்வாலில் கரி படிந்தது.

இந்தக் கசிவு மெதுவாக வளர்வதுதான் இதன் விஷமம். இன்றைக்கு இருந்த இழுவை நாளைக்கும் இருக்கும், ஆறு மாதம் கழித்துத்தான் "முன்னே மாதிரி இல்லையே" என்று தோன்றும். டர்போவின் காற்றழுத்தம் குறைகிறது. டீசல் அதே அளவு போகிறது, காற்று மட்டும் போதவில்லை. எரியாத டீசல் கறும்புகையாகிறது. புகையின் வெப்பம் ஏறுகிறது. கனமான பாரம் இழுப்பவர்கள் டர்போவுக்கு முன்னால் வெப்பமானி ஒன்றைச் செருகி வைத்து, 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் கால் தூக்குவார்கள். அது சுமார் 675 டிகிரி செல்சியஸ். பிஸ்டன் செய்யப்படும் அலுமினியம் உருகுவது 660-ல். எண்ணெய் தெளித்துக் குளிர்விப்பதால் உடனே உருகுவதில்லை, ஆனால் மீறி ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேபினுக்கு வெளிக்காற்றை இழுக்கும் துவாரமும் கண்ணாடியின் அடியில், அதே ஃபயர்வாலுக்கு மேலேதான். ஃபேன் போட்டால் கசியும் புகையில் ஒரு பங்கு டிரைவருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. பல வருடங்கள் அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டே வேலைக்குப் போன மனிதர்களுக்கு எந்த மீட்டரும் எச்சரிக்கை தரவில்லை.

பரிதாபம் என்னவென்றால், பலர் டர்போ கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிப் புது டர்போவே மாற்றினார்கள். அறிகுறி ஒன்றுதானே. புது டர்போவுக்கும் புகை போதாது, அதே மந்தம். செய்ய வேண்டியது எளிது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எக்ஸாஸ்டுக்குள் மெல்லிய அழுத்தத்தில் காற்றையோ, பரிசோதனைப் புகையையோ செலுத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி வரும் இடம் குற்றவாளி. சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பது போலத்தான்.

கண்டுபிடிப்பது எளிது, கை நுழைப்பதுதான் கடினம். அந்தச் சந்தில் ஸ்பேனர் அரை அங்குலம் திரும்பினாலே பெரிது. டர்போவைக் கழற்றி மேலிருந்து சிலர், கியர்பாக்ஸை இறக்கிக் கீழிருந்து சிலர் என்று ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். இவ்வளவு கஷ்டப்பட்டுவிட்டு மறுபடி அதே கேஸ்கட்டைப் போட யாருக்கு மனசு வரும்? அதனால் 'பெல்லோஸ்' வைத்த அப்-பைப்புகள் பிரபலமாயின. ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பான எஃகுத் துண்டு குழாயின் நடுவே இருக்கும். அசைவு முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும், இணைப்புகள் ஆடாமல் இறுகி நிற்கும். கம்மின்ஸின் சறுக்கும் மேனிஃபோல்டும் இதுவும் அண்ணன் தம்பி. பெல்லோஸும் சிரஞ்சீவி அல்ல. பின்னால் வந்த எஞ்சின்களில் மடிப்புகளே விரிசல் விட்ட கதைகள் உண்டு. 2008 மாடலில் வந்த ஃபோர்டு 6.4-ல் பெரிய வேலைகளுக்குக் கேபினையே சட்டத்திலிருந்து தூக்கி வைத்துவிட்டு வேலை பார்க்கும் பழக்கம் வந்தது.

2007-ல் விதிகள் மாறின. அமெரிக்காவில் கனரக டீசல் எஞ்சின்கள் வெளியிடும் கரித்துகளின் வரம்பு 0.1-லிருந்து 0.01 கிராமுக்கு இறங்கியது (ஒரு குதிரைசக்தி-மணிக்கு). பத்தில் ஒரு பங்கு! கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி கட்டாயம் போல ஆனது, 2010-ஐ ஒட்டி யூரியாக் கரைசல் தெளிக்கும் அமைப்பும் வந்தது. இப்போது லீக்குக்கு இன்னொரு அர்த்தம் வந்தது. மேனிஃபோல்டில் கசியும் கரி வடிகட்டியைப் பார்க்காமலே ஊருக்குள் போகிறது. வடிகட்டி தன்னில் சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க நல்ல சூடு வேண்டும், அந்தச் சூடும் வழியிலேயே கசிகிறது. சென்சார்கள் குழம்புகின்றன.

ஃபோர்டு 2011 மாடலில் தானே வடிவமைத்த 6.7 லிட்டர் எஞ்சினில் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. வி-யின் வெளிப்பக்கம் இருந்த எக்ஸாஸ்ட் வாய்களை உள்பக்கம் திருப்பி, நடுப்பள்ளத்திலேயே டர்போவை உட்கார வைத்தது. ஃபயர்வால் சந்தில் ஏறிய நீளமான அப்-பைப்புகள் போயின. புகை போகும் தூரம் குறைந்தது, சூடு வீணாவதும் குறைந்தது. எஞ்சின் வரைபடத்தையே தலைகீழாக்கும் அளவுக்கு அந்தச் சின்னக் குழாய் முக்கியமாகிவிட்டது.

இன்னொரு பக்கம், புகைப்பாதையை ஒழுங்காக வைக்க வேண்டிய தொழிலே அதை உடைக்கவும் செய்தது. வடிகட்டி அடைத்துக்கொள்கிறது, மாற்றினால் செலவு என்று சலித்தவர்கள் அதை வெட்டி எறிந்துவிட்டு நேர்குழாய் மாட்டினார்கள். சென்சாரை ஏமாற்ற மென்பொருளும் விற்பனைக்கு இருந்தது. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் அதிகமான டீசல் பிக்கப்புகளில் இந்தக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அகற்றப்பட்டிருந்தன. ஒரு போல்ட்டின் கசிவைத் தேடி நாள் முழுக்க மண்டியிட்டவர்களும், முழு வடிகட்டியையும் குப்பையில் போட்டவர்களும் ஒரே தெருவில் கடை வைத்திருந்தார்கள் என்பதுதான் இதில் விநோதம்.

கடைக்காரர்கள் மட்டும்தான் அப்படி என்றால் அதுவும் இல்லை. 2023 டிசம்பரில் கம்மின்ஸ் நிறுவனமே 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. 2013 முதல் 2019 வரையிலான சுமார் 6,30,000 ராம் பிக்கப்புகளின் எஞ்சின்களில், மாசுக் கட்டுப்பாட்டைத் தவிர்க்கும் மென்பொருள் இருந்தது என்பது குற்றச்சாட்டு. சுத்தக் காற்றுச் சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்டதிலேயே பெரிய அபராதம் அதுதான். நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் வண்டிகளைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றித் தர இசைந்தது. அந்த மாற்றம் உரிமையாளருக்கு இலவசம். அதே வண்டியில் ஆறாவது சிலிண்டரின் மேனிஃபோல்ட் போல்ட் முறிந்து கிடந்து, வாரண்டியும் முடிந்திருந்தால், அது அவர் கணக்கில்தான் எழுதப்படும்.